முன் பெஞ்சு

"இன்னைக்கு போலீஸ் வகுப்புல நான் முன் பெஞ்சுல உக்காரப் போறேன்."

மகள் இதைச் சொன்னபோது அப்பாவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு தேநீருக்குள் விழுந்து மூழ்கியது. அவர் அதை மீட்க முயலவில்லை.

"அது உனக்கில்லம்மா."

"வேற யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"தெரிஞ்சுதான் கேக்கறேன். வீட்டுல போதைப் பழக்கம் இருக்கிற பிள்ளைங்கதானே முன் பெஞ்சு? நீங்க போட்ட சட்டம்தானே? நம்ம வீட்டுல இருக்கே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வந்தாள். வந்தவள் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். அந்த வீட்டில் அண்ணனைப் பற்றிய பேச்சு ஜன்னல் சாத்திய பிறகுதான் தொடங்கும்.

"உங்க அண்ணன் அத்தை வீட்டுல படிக்கப் போயிருக்கான்" என்றார் அப்பா.

"எந்தப் பாடம்ப்பா?"

அப்பா, மூழ்கிய ரொட்டியைக் கரண்டியால் தேடத் தொடங்கினார்.

"ஜன்னல்தான் சாத்தியாச்சே, இப்பவும் எதுக்கு அந்தக் கதை? நேத்து அவன் போன் பண்ணினான். 'நான் எங்க இருக்கிறதா சொல்லி வெச்சிருக்கீங்க?'ன்னு கேட்டான். அத்தை வீட்டுலன்னு சொன்னேன். சிரிச்சான். 'அப்ப நான் குணமாகி வந்தா, எங்கேயிருந்து வர்ற மாதிரி நடிக்கணும்?'னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

"ஏங்க, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. இவளுக்கு நாளைக்கு ஒரு இடம் பாக்க வேண்டாமா? மானம் கப்பலேறிடும்" என்றாள் அம்மா.

இத்தனை ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவருக்கு, ஒரு மாணவியின் முன்னால் வாயடைத்துப்போவது புது அனுபவம். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் அடிஸ்கேல். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடாது என்பதால் வந்த பெயர். அந்தப் பெயர் தன் காதில் விழாதது போல அவர் நடந்துகொள்வார்; உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான். தாத்தா ஆசிரியர், அப்பா தலைமை ஆசிரியர். தெருவில் அவர்கள் வீட்டுக்கு 'வாத்தியார் வீடு' என்றே பெயர். பிள்ளைகள் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள்.

சட்டையில் ஒட்டிய சிகரெட் வாடையை மாடிப்படியில் நின்றபடியே கண்டுபிடிக்கும் மூக்கு அவருடையது. ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மூக்கிடம் மாட்டியிருக்கிறார்கள். சொந்த மகன் கண் சிவந்து, பேச்சுக் குழறி நடமாடியபோது மட்டும் அந்த மூக்கு விடுப்பில் இருந்தது. பையன் இராப்பகலாகப் படிக்கிறான், பாவம், கண் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. யார் பார்வையில் குறை என்பது பிற்பாடு, மகன் குளியலறையில் மாத்திரை அட்டையோடு மயங்கிக் கிடந்தபோதுதான் அவருக்கு விளங்கியது. அன்றும் அவர் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரவேண்டாம், தெரு முனையில நிக்கச் சொல்லு" என்பதுதான்.

முன் பெஞ்சுச் சட்டமும் அவருடைய மூளையில் உதித்ததே. ஆண்டுதோறும் காவல் நிலையத்திலிருந்து ஆய்வாளர் வந்து போதைத் தடுப்பு வகுப்பு எடுப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். 'கவனம் தேவைப்படும் பிள்ளைகள்' முன்னால் உட்கார்ந்தால் நல்லது என்று ஒருமுறை அவர் சொன்னார். அருமையான யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். யாருக்குக் கவனம் தேவை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. அவருடைய கை நேராகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவைக் காட்டியது. அங்கே மூட்டை சுமப்பவர்கள் மாலையில் வெட்டவெளியில் உட்கார்ந்து குடிப்பார்கள். எல்லோர் கண்ணிலும் படும். கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவர்களின் பிள்ளைகள் ஒருநாளும் முன் பெஞ்சுக்கு வந்ததில்லை.

பாதி வகுப்புகளுக்குக் காலையில், மீதிக்கு மதியம் என்று அன்று இரண்டு முறை போலீஸ் வகுப்பு. காலைப் பிரிவுப் பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். அடிஸ்கேல் கதவோரம் நின்றார். மகள் சொன்னதைச் செய்துவிட்டாள். கிடங்குத் தெருப் பிள்ளைகளுக்கு நடுவே நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகு சாய்மானத்தைத் தொடவில்லை. பக்கத்தில் 'வானொலி' என்று பிள்ளைகள் கூப்பிடும் பெண், வாய் ஓயாதவள்.

"ஏய், இது எங்க பெஞ்சு. உங்கப்பா பாத்தா எங்களத்தான் திட்டுவாரு" என்றாள் வானொலி.

"எனக்கும் இங்கதான் இடம்."

"உனக்கா? எந்தக் கணக்குல?"

மகள் பதில் சொல்வதற்குள் ஆய்வாளர் அம்மா படப்பலகைகளோடு மேடையேறிவிட்டார். தலைமை ஆசிரியை ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்தார். வழக்கப்படி முதலில் முன் பெஞ்சுக்காரர்கள் மட்டும் எழுந்து நின்று, 'நான் தவறான வழிக்குப் போகமாட்டேன்' என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவும் அடிஸ்கேல் ஏற்பாடுதான். உறுதிமொழியின் வாசகத்தையும் அவரே எழுதியிருந்தார். அதில் தமிழ் நன்றாக அமைந்திருப்பதாக அவருக்கு நெடுநாள் எண்ணம்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஆய்வாளரின் பார்வை மகள்மேல் நின்றது.

"நீ சாரோட பொண்ணுதானே? இங்க என்னம்மா பண்றே? பின்னாடி போய் உக்காரு."

"இல்ல மேடம். நான் இங்கதான் உக்காரணும். எங்க வீட்டுல..."

தலைமை ஆசிரியை சட்டென்று ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரும் பாத்தீங்களா? நம்ம துணைத் தலைமை ஆசிரியரோட பொண்ணு! இந்தப் பிள்ளைங்களுக்குத் தைரியம் கொடுக்க, கூட வந்து உக்காந்திருக்கா. இதுதான் குடும்பப் பண்பு! பலமா கைதட்டுங்க!"

கூடம் அதிர்ந்தது. எல்லோரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் கேட்டால் அடக்கமாகத் தலைவணங்குவது அடிஸ்கேலின் பழக்கம். தலை தானாகவே வணங்கியது. வணங்கி முடித்து நிமிர்ந்த பிறகுதான், என்ன காரியம் செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. மகனை ஒளித்து வைத்ததற்கு ஊரே எழுந்து மாலை போட்டது மாதிரி இருந்தது. மாலையைக் கழுத்தை நீட்டி வாங்கியும் கொண்டாகிவிட்டது.

வானொலி அவளை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டாள்.

"தைரியம் குடுக்க வந்தியா? நாங்க கேட்டோமா?"

"நீ உக்காரலாம்மா" என்று ஆய்வாளர் கனிவாகச் சொன்னார். மகள் உட்காரவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து உறுதிமொழி முழுவதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் தன் அப்பாவைப் பார்க்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறையில் தேநீர் வந்தது. வகுப்பைப் பற்றி ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டு வரும்படி மேலிடம் சொல்லியிருப்பதாக ஆய்வாளர் சொன்னார்.

"மனசுல பட்டதைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கைது பண்ணமாட்டேன்."

விளையாட்டு ஆசிரியர் முந்திக்கொண்டார். "ரொம்பத் தேவையான வகுப்பு மேடம். காக்கிச் சட்டையைப் பாத்தாத்தான் இதுங்களுக்குப் பயம் வரும். எங்களை எவன் மதிக்கிறான்?"

"பயம் வருது சார். யாருக்கு வருதுங்கறதுதான் கேள்வி" என்றார் அறிவியல் ஆசிரியை. "தப்புப் பண்ணாத பிள்ளைங்க பயப்படுதுங்க. பண்றவன் கடைசி வரிசையில தூங்கறான். போன வருஷம் வகுப்பு முடிஞ்சு ஒருத்தன் என்கிட்ட வந்து, 'அந்த நீல மாத்திரைக்கு எவ்வளவு நேரம் மயக்கம் இருக்கும் டீச்சர்?'னு கேட்டான். படம் அவ்வளவு அழகா இருந்துச்சு."

"அது மேலேயிருந்து வர்ற படம் டீச்சர்" என்றார் ஆய்வாளர்.

மொழி ஆசிரியர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உண்மையைச் சொல்லணும்னா, இந்த வகுப்பு நமக்கு ஒரு பீரியட் ஓய்வு. நாம பேச வேண்டியதை இவங்க தலையில கட்டிட்டு வடை கெடைக்குமான்னு பாத்துட்டு உக்காந்திருக்கோம்."

"நீங்க சொன்னதால நானும் சொல்றேன்" என்றார் ஆய்வாளர். "எனக்கு இதுக்கு ஒரே நாள் பயிற்சிதான் குடுத்தாங்க. திருடனைப் பிடிக்கத் தெரியும். பிள்ளைங்ககிட்ட பேசத் தெரியாது. 'எங்க வீட்டுல இப்படி நடக்குது'ன்னு எந்தப் பிள்ளை போலீஸ்கிட்ட வந்து சொல்லும்? அப்பனைப் பிடிச்சுட்டுப் போயிடுவேன்னு நினைக்காதா? சொன்னா உங்ககிட்டதான் சொல்லும்."

"எங்ககிட்டயும் சொல்லாது" என்றார் அடிஸ்கேல்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் பேசி, நன்றி சொல்லி முடித்துவைப்பவர். நடுவில் வாய் திறப்பது வழக்கமில்லை.

"காலையில என் பொண்ணு தைரியம் குடுக்க உக்காரல. அது அவ இடம். நான் போட்ட சட்டப்படி அவ அங்கதான் உக்காரணும். என் பையன் அத்தை வீட்டுல படிக்கல. போதையை விடறதுக்குச் சிகிச்சையில இருக்கான். மாத்திரை. ரொம்ப நாளா. கண்டுபிடிக்க முடியாத மேதை நான்."

தேநீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. விளையாட்டு ஆசிரியர் மட்டும் குடிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

முதலில் பேசியவர் ஆய்வாளர். குரலை இறக்கி, ஆறுதலாகப் பேசினார். "சார், மனசை விடாதீங்க. அது ஒரு நோய். காய்ச்சல் மாதிரி. நல்ல குடும்பத்துல இப்படி வந்துடறது உண்டு. வெளிய தெரிய வேண்டாம்."

"கிடங்குத் தெருக்காரங்களுக்கு வந்தா?"

"சார்?"

"அவங்களுக்கு வந்தா அது என்ன மேடம்? அதுக்கு மட்டும் பிள்ளைங்க எழுந்து நின்னு உறுதிமொழி சொல்லணுமே, அதான் கேட்டேன்."

அந்தக் கேள்வி ஆய்வாளருக்கானது அல்ல என்று அடிஸ்கேலுக்கே தெரியும். கேட்டவரேதான் பதில் சொல்ல வேண்டியவர்.

தலைமை ஆசிரியை எழுந்து கதவைச் சாத்தப் போனார். "சார், இது இந்த அறையோட இருக்கட்டும். மூணு தலைமுறை மரியாதை. பெரியவர் இருந்தா..."

"எங்கப்பா இருந்தா, பெத்த பிள்ளையை ஒளிச்சு வெக்கறதுதான் மானக்கேடுன்னு சொல்லியிருப்பாரு மேடம்."

உண்மையில் அவருடைய அப்பா அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். வீட்டு ஜன்னல்களுக்கு இரட்டைக் கதவு போட்டவரே அவர்தான். ஆனால் காலமானவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. முதன்முறையாக அது அடிஸ்கேலுக்கு வசதியாக இருந்தது.

"அடுத்த வகுப்புக்கு முன் பெஞ்சு கிடையாது" என்றார். "யார் எங்க வேணாலும் உக்காரட்டும். உறுதிமொழி சொல்லணும்னா எல்லாரும் சொல்லட்டும், நாமளும் சேத்து. காரணம் கேட்டா பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்."

சொன்னபடியே இரண்டாவது வகுப்பின் தொடக்கத்தில் மேடையேறிச் சொல்லவும் செய்தார். நன்றாகச் சொன்னார் என்று கூற முடியாது. குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது, ஒரு வாக்கியம் எழுவாயோடு நின்றுபோனது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கூடத்தின் கதவருகே தண்ணீர் குடிக்க வந்ததாகப் பெயர் பண்ணிக்கொண்டு மகளும் வானொலியும் நின்றிருந்தார்கள். வானொலி, வாழ்க்கையில் ஒருமுறையாக, வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பள்ளி விடும் நேரம். அடிஸ்கேல் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். விளையாட்டு ஆசிரியர் பின்னாலேயே வந்து தோளை உரசினார்.

"சார், அந்த இடம் எங்க இருக்கு? எனக்கில்ல, என் பக்கத்து வீட்டுக்காரருக்கு."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. போன் பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க."

படியிறங்கினால் மொழி ஆசிரியர் காத்திருந்தார். அவருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். அறிவியல் ஆசிரியை பேருந்தை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் வேலைக்கே போவதில்லையாம். கிளம்பிப் போயிருந்த ஆய்வாளர் அம்மா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கி, தனக்கும் அண்டையில் ஒரு குடும்பம் இருப்பதாகச் சொன்னார். இந்தப் பள்ளி ஆசிரியர்களின் அண்டை அயல் இவ்வளவு சீர்கெட்டுக் கிடப்பது அடிஸ்கேலுக்கு அன்றுதான் தெரிந்தது. மகனை அத்தை வீட்டில் 'படிக்க' அனுப்பியவருக்கு அந்த அண்டை வீடுகளின் முகவரி நன்றாகப் புரிந்தது. யாரையும் பார்த்து அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரியும்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். பள்ளிக்குள் 'சார்' என்று கூப்பிடுபவள், சுற்றிலும் ஆட்கள் இருக்கையிலேயே, "அப்பா, போலாமா?" என்றாள்.

"போலாம். உங்க அண்ணனுக்கு போன் போடணும். கேள்வி கேட்டிருக்கானே."

அப்போது தலைமை ஆசிரியை வேகமாக வந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உதடு அசையாமல், மூச்சுக் காற்றாலேயே எதையோ கேட்டார். 'பக்கத்து வீட்டு' என்பதுவரை தெளிவாகக் கேட்டது.

பென்சில் விழுந்தால் எந்த வகுப்பில், எந்த வரிசையில் என்று சொல்லிவிடும் காது அடிஸ்கேலுடையது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம்" என்றார் அவர். "எனக்குக் காது சரியா கேக்கல."