வாடைப்பக்கம் ரெண்டு பாகம்

லோரன்ஸ் அந்தத் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூடியில் ஒட்டியிருந்த நீக்கிலாஸின் பெயர் வெயிலில் வெளிறிப்போய் இருந்தது. மணியை அடித்தாயிற்று, கதவைத் தட்டியும் பார்த்தாயிற்று, உள்ளே ஆள் இல்லை. கையில் அழைப்பிதழ். மூடியைத் தூக்கிக் கடதாசியை உள்ளே விட்டால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். மனிசனுக்குப் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்! போனமுறை இந்த மூடியைத் தூக்கிய வினைதானே இவ்வளவும். விரல் தகரத்தில் பட்டதும் கையை இழுத்து, அழைப்பிதழைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போனமுறை என்பது மகள் கிளோறியாவின் கல்யாணம். டேனிஷ் ஊர்களான கிரின்ஸ்டெட்டிலும் எஸ்பியர்க்கிலும் இருக்கிற தமிழ் வீடு ஒன்றையும் விடாமல் லோரன்ஸும் மனைவி மேரிகிறேஸும் ஏறி இறங்கினார்கள். முறையென்றால் முறைதான். உள்ளே போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொல்லித்தான் அழைப்பிதழைக் கையில் கொடுக்கவேண்டும். கடைசியாக நீக்கிலாஸின் வாசலுக்கு வந்தபோது இருவருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. வீட்டில் வெளிச்சமும் இல்லை. "அவன் எங்கடை ஆள்தானே, அவனுக்கு என்ன சொல்லுறது" என்று லோரன்ஸ் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டார். நீக்கிலாஸ் யார்? கிளோறியாவின் ஞானத்தகப்பன். கல்யாணம் கட்டாத மனுசன். தனக்கென்று பிள்ளை இல்லாதவர், அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பனிக்குள் நடந்தவர். கல்யாணத்துக்கென்று கோட்டும் தைத்து வைத்திருந்தவர். அன்று கோவிலில் முன்வரிசையில் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. "சனத்துக்கெல்லாம் வாயாலை, எனக்குப் பெட்டியாலை" என்று யாரிடமோ சொன்னாராம். அதோடு சரி. இருவரும் ஒன்றாய் வேலை செய்த தொழிற்சாலையிலும் வேறு நேர வேலைக்கு மாறிக்கொண்டார். லோரன்ஸுக்கு மட்டும் வீம்பு குறைவா? "கல்யாணத்துக்கு வராதவன் என்ன ஞானத்தகப்பன்" என்று அவரும் வாயை இறுக்கிக்கொண்டார்.

இப்போது கிளோறியாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பேரனைப் பார்க்கவென்று மகள் இருக்கிற புரொண்பிக்குப் போன மேரிகிறேஸ் மாரிகாலம் முழுக்க அங்கேயே நின்றுவிட்டார். லோரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி கறி வைத்தால் அதையே சூடாக்கிச் சூடாக்கி வியாழன் வரை சாப்பிடுவார். வேலையில் டேனிஷ், கடையில் டேனிஷ். தமிழில் ஒரு சொல் வாயில் வராமலே இருட்டிப்போகிற நாட்களும் உண்டு. அப்படியான நாட்களில் காரோடு கதைப்பார். "என்ன, குளிருதோ?" என்று கேட்டுவிட்டு, தன் குரல் தனக்கே புதிதாய்க் கேட்கப் பேசாமல் இருந்துவிடுவார். சரியான தனிமை. வெட்கத்தில் அதை மனைவிக்குச் சொல்லவும் இல்லை.

நேற்று மேரிகிறேஸ் போனில் பிடித்துக்கொண்டார். "இஞ்சேருங்கோ, வாற மாசம் ஞானஸ்நானம். ஓன்கெல் நீக்கிலாஸ் வராட்டில் ஒண்டும் வேண்டாமெண்டு உங்கடை மகள் நிக்கிறாள். நேரை போய் வாயாலை சொல்லுங்கோ. இந்தமுறையும் பெட்டிக்குள்ளை போட்டீங்களோ, நான் அந்தப் பக்கமே வரமாட்டன்."

வாசலில் நீக்கிலாஸின் காரையும் காணவில்லை. ஆள் எங்கே என்று லோரன்ஸுக்கு யோசிக்கவேண்டி இருக்கவில்லை. வந்த வழி நெடுக, எண்ணெய்க்குப் போடுகிற ராப்ஸ் வயல்கள் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தன. ராப்ஸ் பூத்தால் ஹோர்ன்ஃபிஸ்க் கரைக்கு வரும். ஊசி போல நீட்டு அலகும் பச்சை எலும்புமாய் இருக்கிற அந்த மீனைப் பார்த்த முதல் நாளே இருவரும் "முரல்!" என்று கத்தினார்கள். ஊர்க் கடலில் கண்ட முரல் மாதிரியே இருந்ததால் அன்றிலிருந்து அவர்களுக்கு அது முரல்தான். பிரடெரிசியாவுக்குக் கிட்ட, கடல் ஒடுங்கிப் போகிற இடத்தில், ஆழமில்லாத கடற்புல்லில் சினை இட அது கூட்டமாய் வரும். வருவது சில கிழமைதான், பிறகு போய்விடும். வருசா வருசம் ஒரே காரில் போனவர்கள். இரண்டு வருடமாக லோரன்ஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கடற்கரையில் நீக்கிலாஸின் பழைய டொயோட்டா நின்றது, கண்ணாடியில் செபமாலை தொங்கியபடி. லோரன்ஸ் தன் காரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார். நீக்கிலாஸ் நெஞ்சு வரைக்கும் வரும் றப்பர் காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. லோரன்ஸ் கூப்பிடத்தான் வந்தார், வாய் வரவில்லை. கால் மட்டும் பழக்கத்தில் அந்தப் பெரிய பாறைக்குப் போய் ஏறி நின்றுகொண்டது.

அந்தப் பாறை லோரன்ஸின் இடம். இந்த மீன்பிடியில் தண்ணீருக்குள் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வெயில் மேற்பரப்பில் பட்டுக் கண்ணைக் கூசும். உயரத்தில், கூச்சத்தை வெட்டுகிற கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்பவனுக்குத்தான் அடி தெரியும். அங்கேயும் மீனைத் தேடினால் காணமுடியாது, அதன் முதுகு புல்லின் நிறம். வெண்மணல் திட்டில் ஓடுகிற நிழலைப் பார்க்கவேண்டும். அதற்கு லோரன்ஸின் கண். வீச நீக்கிலாஸின் கை. லோரன்ஸ் வீசினால் கொளுக்கி அவருடைய தொப்பியிலேயே கொளுவும், அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எஸ்பியர்க் வரைக்கும் சிரித்திருக்கிறார்கள். கிழக்கே பார்த்து நின்றால் இடதுபக்கம் வாடை, வலதுபக்கம் சோளகம். தூரத்துக்குப் பாகம், இரண்டு கையையும் விரித்த அளவு. இவ்வளவும் போதும். பாறையிலிருந்து ஒருவர் சொல்வார், தண்ணீரிலிருந்து மற்றவர் கொளுக்கி கொளுவின வெள்ளித் தகட்டைச் சொன்ன இடத்தில் இறக்குவார்.

இப்போது நீக்கிலாஸ் குருட்டுவாக்கில் வீசிக்கொண்டிருந்தார். லோரன்ஸ் கண்ணாடியைப் போட்டார். ஐயோ, என்ன கூட்டம்! மணல் திட்டில் நிழல்கள் கோடு கோடாய் ஓடின. இரண்டு இரண்டாய் உரசிக்கொண்டு புல்லுக்குள் போய், திரும்பி வந்து, மறுபடி போயின. நீக்கிலாஸுக்கு அவை கூப்பிடு தூரம்கூட இல்லை. மனுசன் தகட்டைக் கொண்டுபோய் ஒன்றுமில்லாத பக்கம் போட்டு, சுற்றி எடுத்து, மறுபடி அதே இடத்தில் போட்டார். லோரன்ஸ் பல்லைக் கடித்தார். முதலில் வாய் திறந்தவன் தோற்றவன் என்று இரண்டு வருடம் இருந்தாயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கமுடியாதா? முடியவில்லை.

"மச்சான்! வாடைப்பக்கம்! ரெண்டு பாகம்!"

நீக்கிலாஸின் தோள் ஒருதரம் அசைந்தது. திரும்பவில்லை. நூலைச் சுற்றி எடுத்து, தூண்டில் தடியைத் தூக்கி, வேண்டுமென்றே சோளகப்பக்கம் வீசினார்.

"அந்தப் பக்கம் உன்ரை பாட்டனே நிக்கிறார்? வாடைப்பக்கம் எண்டெல்லோ சொல்லுறன்!"

நூல் மெதுவாய்ச் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு தடியின் நுனி கொஞ்சம் கொஞ்சமாய் இடதுபக்கம் திரும்பியது. தகடு மேலே போய், மினுங்கி, கூட்டத்துக்கு ஒரு முழம் முன்னால் பூ விழுந்தமாதிரி விழுந்தது. அந்தக் கைக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை! ஒரு நிழல் பிரிந்து பின்னால் ஓடியது. "வருது, வருது, நிப்பாட்டாதை!" தடி வளைந்தது. முரல் தண்ணீருக்கு மேல் நின்று ஒருதரம் துள்ளி அலகை உதறிப் போய்விட்டது. அந்த எலும்பு அலகில் கொளுக்கி பிடிப்பது என்றைக்கும் கஷ்டம்தான். முந்தியென்றால் இருவரும் சேர்ந்து ஊர்த் தூசணம் எல்லாம் பேசியிருப்பார்கள். நீக்கிலாஸ் "ச்சா" என்றதோடு சரி.

"நீக்கிலாஸ், கிளோறியாவின்ரை பெடியனுக்கு ஞானஸ்நானம். சொல்ல வந்தனான்."

"தபால் பெட்டி வீட்டிலையெல்லோ கிடக்கு."

கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். லோரன்ஸுக்கு முகம் எரிந்தது. கார் பின்னால்தான் நின்றது, இறங்கிப் போய் ஏறிவிடலாம். போய்? ஆறின கறியைச் சூடாக்கலாம். அவர் பாறையிலிருந்து இறங்கினார். சப்பாத்தைக் கழற்ற நினைக்கவில்லை, அப்படியே தண்ணீருக்குள் கால் வைத்தார். மே மாதத்துக் கடல் எலும்பில் போய்க் கடித்தது. முழங்கால் வரைக்கும் வந்ததும் சட்டைப் பைக்குள் இருந்த அழைப்பிதழை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கியது.

"நீ வீட்டு ஆள் எண்டு நினைச்சுத்தான் அண்டைக்குப் பெட்டிக்குள்ளை போட்டனான்," என்றார். "வீட்டு ஆளுக்கெல்லோடா முதல் சொல்லியிருக்கோணும்."

நீக்கிலாஸ் அப்போதுதான் திரும்பினார். நனைந்த காற்சட்டையையும், தண்ணீருக்குள் மறைந்த சப்பாத்தையும், தலைக்கு மேலே நிற்கிற கையையும் மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"கிட்ட வராதை," என்றார். "மீன் ஓடும்."

லோரன்ஸ் நின்ற இடத்திலேயே நின்றார். இருவருக்கும் நடுவில் இரண்டு பாகம் இருக்கும். அந்த இடைவெளிக்குள், கலங்கின மணல் மெதுவாய் அடங்க, முதலில் ஒரு நிழல் வந்தது, பிறகு இரண்டு, பிறகு கூட்டம் முழுக்க. இவ்வளவு கிட்ட நீக்கிலாஸுக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவருடைய கண்ணும் கீழேதான் போனது. தடி கையில் இருந்தது. அவர் வீசவில்லை.

"கார்டை நனைச்சுப் போடாதை," என்றார்.

லோரன்ஸ் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கால்களை உரசிக்கொண்டு முரல்கள் புல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தன.