இரண்டாம் சுற்று

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பவுசெல்லாம் ஒரே ஒரு கணக்கில்தான் இருந்தது. விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஏழு பேருக்குத்தான் இடம். வாசல் பலகை முதல் வாட்ச்மேன் சட்டைப்பை வரை அதைத்தான் போட்டு வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் ஏழு என்பது ஐந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இடத்தைக் குறைத்தால் வருமானம் போய்விடும், அதை யார் செய்வார்? ஆகவே விண்ணப்பத்தைக் கூட்டு. வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்கென்றே ஆள் பிடி. இந்த வெட்கங்கெட்ட வேலைக்காகச் சேர்க்கை அலுவலகத்தில் இருபது பெண்களைக் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி நம் அண்ணி.

அண்ணி என்பது அவளுடைய நாத்தனார் கூப்பிடுகிற முறை. நாத்தனார் வாயில் புகுந்து வந்தால் அந்தச் சொல்லும் எப்படித்தான் வசவாகிப் போகுமோ தெரியாது. எங்கள் அண்ணி போன் பேசுகிற உத்தியோகம் பார்க்கிறாள் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு உதட்டைச் சுழிப்பாள். ஆறு வருடமாக அண்ணி அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், திங்கட்கிழமை போகவேண்டிய கடிதங்களின் பட்டியல் முகவரி சரிபார்க்க அவள் மேசைக்கு வந்தது. எல்லாம் 'மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' வகை. அதில் நாத்தனாரின் மகள் பெயரும் இருந்தது. வீட்டில் வாலு என்று கூப்பிடுகிற ஒரே பெண். வாலுவுக்கு ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் கிடைத்திருந்தது, நல்ல கல்லூரிதான். அந்த இடத்தை உறுதி செய்யக் கடைசி நேரம் அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி. பெரிய இடத்துப் பதில் வரட்டும் என்று தாயும் மகளும் அதைத் தொடாமல் வைத்திருந்தார்கள். ஐந்து மணி தாண்டினால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு.

தலைவலி என்று பொய் சொல்லி அரைநாள் லீவு போட்டுவிட்டு, மூன்று மாடி ஏறி நாத்தனார் வீட்டு மணியை அவள் அடித்தபோது நாலேகால். கதவைத் திறந்த நாத்தனார் வா என்று சொல்லவில்லை. உள்ளே டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான புத்தகத்தை, வருகிறவர் கண்ணில் படும்படி நிமிர்த்தி வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் வாலு போனும் கையுமாக இருந்தாள்.

அண்ணி நின்றபடியே சொன்னாள். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே மார்க் இருந்தால் விண்ணப்பத்தை யாரும் திறப்பதுகூட இல்லை. கணினியே அதை இரண்டாம் சுற்று என்று ஒரு பெட்டியில் தள்ளிவிடும். அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் இரண்டாம் சுற்று என்று ஒன்று நடந்து அவள் பார்த்ததில்லை. வாலுவின் மார்க் எண்பத்தெட்டு.

நாத்தனார் சிரித்தாள். "அவங்களாதான் போன் பண்ணி எம் பொண்ணக் கூப்பிட்டாங்க. உங்கள மாதிரி மாணவியத்தான் தேடறோம்னு சொன்னாங்க. நாங்க ஒண்ணும் போய்க் கெஞ்சல."

அந்த வாக்கியத்தை அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு அறுபது தடவை நானே அதைச் சொல்கிறேன் என்றாள் அண்ணி. நாத்தனார் காதில் ஏறினால்தானே. அண்ணியின் மகன் டிப்ளமாவோடு நின்றுபோனான், வாலு அங்கே படித்துவிடுவாளோ என்று அண்ணிக்கு வயிற்றெரிச்சல், அந்த எரிச்சல்தான் மூன்று மாடி ஏற வைத்தது என்று ஆரம்பித்தாள். கடிகாரம் நாலு நாற்பதைத் தாண்டியது. அண்ணி வாலுவைப் பார்த்தாள். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்து, முழங்காலில் மருந்து போட்டுவிட்ட குழந்தை. அது சொன்னது: "போன்ல பேசற வேலைதான அத்தை உங்களுக்கு. யாரை எடுப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே அம்மா பேச்சு. அண்ணிக்கு உள்ளே என்னவோ அறுந்தது. இந்த வீட்டில் தன்னிடமிருந்து நல்லது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆகவே நல்லதைச் சொன்னால் எடுபடாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டதைச் சொன்னால் நம்புவார்கள். அப்படிச் சொல்ல ஒன்று உண்மையாகவே அவளிடம் இருந்தது.

"உன் நம்பரை அங்க குடுத்ததே நான்தான் வாலு. அன்னிக்கு போன் பண்ண வேண்டிய லிஸ்ட்ல ரெண்டு பேர் குறைஞ்சது. எழுதும்போதே தெரியும், உனக்குக் கிடைக்காதுன்னு."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

ஆள் குறைந்தது, அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்கம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கட்டும், அப்புறம் மூக்கு உடைஞ்சு நிக்கட்டும்னுதான் குடுத்தேன். நடுவுல உன் சீட்டு போகும்னு யோசிக்கல."

நாத்தனார் இதை மட்டும் உடனே நம்பினாள். சண்டாளி, பெற்ற வயிறா உன் வயிறு, நீ நல்லா இருப்பியா என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். நீங்க போய் நீ வந்தது. அண்ணி வாலுவின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசுக் கல்லூரிப் பக்கத்துக்கு வாலு போனில் போட்ட பாஸ்வேர்ட் இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை திறந்தது. நாலு ஐம்பத்தாறுக்குத் திரையில் வந்தது: உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.

நாத்தனார் திட்டி ஓய்ந்து, நாற்காலியில் விழுந்து அழுதாள். பெருமூச்சு விட்டுக்கொண்டே, பழைய பழக்கத்தில் அண்ணி வாலுவின் தலையைத் தடவக் கையை நீட்டினாள். வாலு தலையை இழுத்துக்கொண்டாள்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

அத்தை என்று சொல்லவில்லை. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, படி இறங்கினாள்.