மேலே போன கை

தரையில் ஓடும் எந்த வண்டி மீதும் எனக்கு மரியாதை கிடையாது. முன்னால் ஒரு லாரி நின்றால் நாமும் நிற்க வேண்டும். யாரோ போட்ட சாலையில் யாரோ தோண்டிய பள்ளத்துக்கெல்லாம் கும்பிடு போட வேண்டும். ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகியவளுக்கு இது என்ன தலையெழுத்து?

பிரசவ விடுப்பு முடிந்து தளத்துக்குத் திரும்பிய அன்றே, கமாண்டர் அந்தத் தலையெழுத்தை எனக்கு எழுதப் பார்த்தார்.

"கைக்குழந்தை வேற இருக்கு. பேசாம வண்டிப் பிரிவுக்கு மாறிடுங்க. லாரி, ஜீப்பு எல்லாம் உங்க பொறுப்பு. சாயங்காலமானா வீட்டுக்குப் போயிடலாம்."

"வேணாம் சார். நான் பறக்கணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று சிரித்தவர், ஓடுதளத்தின் மறுகோடிக்கு என்னையே ஜீப்பை ஓட்டச் சொன்னார். ஹெலிகாப்டர் கொட்டகை மூலையில் எண்ணெய் லாரி ஒன்று குறுக்கே வந்தது. என் இடது கை, என்னைக் கேட்காமலே, பக்கத்திலிருந்த கோலை வெடுக்கென்று மேலே இழுத்தது. ஹெலிகாப்டரில் அதே இடத்திலிருக்கும் கோலைத் தூக்கினால் மேலெழும்பி லாரியைத் தாண்டிவிடலாம். ஜீப்பில் அது கைபிரேக். வண்டி பம்பரமாய்ச் சுழன்று நின்றது. கமாண்டரின் தொப்பி லாரிக்காரர் காலடியில் போய் விழுந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருக்கோ வாய்க்கு வசதியாகிவிட்டது.

"பயந்தா கை மேல போகுது பாருங்க. வானத்துல இன்ஜின் நின்னாலும் இதையேதான் பண்ணுவீங்க. நாளையிலேர்ந்து வண்டிப் பிரிவு. அவ்ளோதான்."

இன்ஜின் நின்றால் கோலை உடனே கீழே அழுத்த வேண்டும். தூக்கினால் தலைக்கு மேல் சுழலும் விசிறியின் வேகம் செத்து, கல்லாக விழுவோம். அதை எனக்கே பாடம் எடுக்கிறாரே என்றுதான் எரிந்தது.

"அப்போ இப்பவே சோதிச்சுப் பாருங்க சார். நீங்களே பக்கத்துல உக்காருங்க. கை மேல போச்சுன்னா, லாரிக்குப் பஞ்சர் ஒட்டக்கூட வர்றேன்."

லாரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கமாண்டரால் பின்வாங்க முடியவில்லை.

ஹெலிகாப்டரில் மேலே போனதும், "குழந்தை ராத்திரி தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டே இன்ஜின் விசையைச் சட்டென்று குறைத்தார். கேள்வி முடியுமுன் என் கை கீழே போயிருந்தது. காற்றே விசிறியைச் சுற்ற, புல்வெளியை நோக்கி இறங்கினோம். தரை நெருங்கியபோதுதான் கோலைத் தூக்கினேன். ஹெலிகாப்டர் அலுங்காமல் உட்கார்ந்தது.

அவர் பெல்ட்டை அவிழ்த்தார். "கையில ஒண்ணும் குறையில்ல. ஆனா வீட்டுல குழந்தை..."

"உங்க வீட்டுலயும் மூணு குழந்தைங்க இருக்காங்களே சார். உங்கள யாராச்சும் வண்டிப் பிரிவுக்குப் போகச் சொன்னாங்களா?"

"இல்ல" என்றார்.

"அப்போ பெல்ட்டைப் போடுங்க. இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்."

போட்டுக்கொண்டார்.