கடைசிப் பேனா நிற்கும் வரை

“என் பாடத்துல கை வைக்க நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?” என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

“ஒன்பதாவது பாதியில நின்னுட்டேன் சார்.”

“எந்தப் பாதி?”

“முதல் பாதி சார்.”

பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பிரிவில் பாட வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. இருமல், செருமல், சும்மா நிற்பது எல்லாம் போக வேண்டும். ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேராசிரியருடையது இருபத்தெட்டு. முக்கியமான வரி ஒவ்வொன்றுக்கும் பிறகு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி பதினோரு விநாடி பேசாமல் நின்றிருந்தார். நாற்பத்து நான்கு இடங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

“அங்கெல்லாம் ஏன் சார் நின்னீங்க?”

“கடைசிப் பேனா நிக்கட்டும்னு.”

“ரூம்ல யாருமே இல்லையே சார்.”

“தெரியும்.”

பிரிவின் பொறுப்பாளர் சிரித்தார். “பசங்க வேணும்னா நிறுத்தி எழுதிக்குவாங்க சார். பட்டன் இருக்கு.”

“புரியலன்னு கை தூக்கவே கூச்சப்படுற பசங்க.”

“பட்டன் அமுக்க என்ன சார் கூச்சம்? கையெழுத்தப் போடுங்க. இது இணையத்துல ஏறிட்டா நேர் வகுப்பு கிடையாது, வாரத்துல நாலு காலை உங்களுக்கு மிச்சம். வீட்டம்மாவ நீங்களே பாத்துக்கலாம்.”

அது உண்மை. அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். காலையில் மைத்துனி வந்து பார்த்துக்கொண்டாள். கூடவே பேராசிரியரைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். ஒப்புதல் படிவத்துக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

“போட்டுக் காட்டும்மா,” என்றார் பேராசிரியர் என்னிடம்.

படிவத்தைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் தன் பாடத்துக்குத் தானே குறிப்பெடுக்கத் தொடங்கினார். ஆறாவது நிமிடத்தில் ஒரு வரியை விட்டார். ஒன்பதாவதில் மூன்று. திரையில் இருந்தவர் மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தார்.

“இருய்யா, இரு,” என்றார் இவர். அவர் இருக்கவில்லை.

“பட்டன அமுக்கட்டுமா சார்?”

வேண்டாம் என்று தலையாட்டினார். கைபேசி அடித்தது. மைத்துனி. பார்த்தார், எடுக்கவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு வரி போய்விட்டது.

பாடம் முடிந்தபோது தாள் முழுக்கப் பாதி வாக்கியங்கள்.

“கையெழுத்து முன்பக்கம் சார்,” என்று பொறுப்பாளர் நினைவூட்டினார்.

பேராசிரியர் பேனாவை மூடினார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டார்.