யசோதினியின் புருவமும் ஒரு தங்க நட்சத்திரமும்

1

யசோதினியின் இடப்புருவத்தில் பாதி போனதற்கு நான்தான் காரணம். இந்தக் கதை அங்கிருந்துதான் பிறந்தது. ஆகவே கம்பீரமான தொடக்கம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சண்டை முடிந்த வருடத்து மாரி. ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள்: பிரம்பை விடுங்கள், நல்லது செய்யும் பிள்ளையை உடனே பாராட்டுங்கள். இதற்கு நேர்மீளவலியுறுத்தல் என்று பெயர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த குழப்படியைத் தொடங்கிவிடும்.) ஒட்டுவதற்குத் தங்க நட்சத்திரங்களும் தந்தார்கள். கதிரவெளியின் உப்புக்காற்றில் அவை ஒட்டவில்லை. சைக்கிள் டியூப் ஒட்டும் சொலுசனை எடுத்தேன். எங்கள் தகரக் கொட்டகை வகுப்பில் தேங்கிய மழைத்தண்ணீரை, யாரும் சொல்லாமலே இறைத்தாள் யசோதினி. நாலாம் வகுப்பே கைதட்ட, அவள் நெற்றியில் ஒரு நட்சத்திரம். நெற்றியைத்தான் குறிவைத்தேன்.

வீட்டில் உரித்தபோது புருவமும் சேர்ந்து வந்ததாம். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை.

2

அதிபர் கனகசிங்கம் கூப்பிட்டார்.

"ஐசே, அடிச்ச காலத்திலயும் ஒரு புள்ள பள்ளிய விட்டு நிண்டதில்ல. நீர் பாராட்டித் துரத்திப்போட்டீர். நாளைக்குப் பிரம்போட வாரும்."

"மாட்டன் சேர்."

(வீரமாகத் தெரிகிறதா? குரல் நடுங்கியதை இந்தப் பிரதியில் வெட்டிவிட்டேன்.)

3

அவள் ஏன் வரவில்லை? எழுதிப் பார்த்தேன்.

'கடல் அண்ணன்மார் இருவரையும் கொண்டுபோன நாளிலிருந்து, மினுங்கும் எதைக் கண்டாலும் யசோதினி...'

விட்டுவிட்டேன். நட்சத்திரத்துக்கும் சுனாமிக்கும் என்ன சம்பந்தம், வாசகர் அழுவார் என்பதைத் தவிர?

'கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரெடுத்தால் கண்ணில் படும். கண்ணில் பட்டால் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பயத்தில் தாய்...'

இந்தப் பயம் இங்கே பல வீடுகளில் இருந்தது. இந்த வீட்டில் இருந்ததா? கேட்கவில்லை. கேட்காமல் எழுதுவது சுலபம்.

மூன்றாவது காரணம் நாவூறு. ஊரே பார்க்கப் புகழ்ந்தால் பிள்ளைக்கு ஆகாது.

மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன்.

4

யசோதினியின் தாய் கண்ணகை முற்றத்தில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"புருவத்துக்குக் குறை நினைக்காதீங்க..."

"அது முளைக்கும் சேர். நாவூறோ எண்டு மிளகாய் சுத்தி அடுப்பில போட்டன். வீட்டில எல்லாரும் இருமிச் சாகப் பார்த்தம். நாவூறு இருந்தா நெடி வராதே."

மூன்றாவது காரணம் புகையாகப் போயிற்று.

"அப்ப ஏன் வாறாளில்ல?"

"என்னட்ட வாய் திறக்காள். நீங்களே கேளுங்க."

கசு (முந்திரி) மரத்தடியில் யசோதினி, கம்சாயினியோடு* கல் கொத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் குந்தினேன்.

"கடல நினைச்சாப் பயமா புள்ள?"

"இல்ல."

"ஆரும் பிடிச்சிருவாங்க எண்டு..."

"சண்டதான் முடிஞ்சிட்டே சேர்."

"அப்ப புருவம்..."

கம்சாயினி கொடுப்புக்குள் அடக்கிச் சிரித்தாள்.

* வகுப்பில் மற்றப் பிள்ளைகளைக் கடிப்பவள். அந்தக் கிழமை அவளும் வரவில்லை. வகுப்பு நிம்மதியாக இருந்தது. காரணத்தை நான் ஆராயவில்லை.

5

இந்த இடத்துக்கு ஒரு முடிவு வைத்திருந்தேன். என் கண் கலங்குகிறது, அவள் என் விரலைப் பிடிக்கிறாள், மழை விடுகிறது, இருவரும் பள்ளிக்கூடத்தை நோக்கி...

அவள் எழுத விடவில்லை. கல்லைக் கீழே வைத்தாள்.

"சேர், தண்ணி இறைச்சது நாங்க ரெண்டு பேரும். வாளியும் இவள்ற. இவள் குழப்படி எண்டு நீங்க இவள்ற பக்கம் பார்க்கவே இல்ல. எல்லாரும் இவளுக்கும் கைதட்டினா வாறன். தட்டுவீங்களா, மாட்டீங்களா?"