வீரமணி ஒட்டிய தூக்கு

பால்மானியை எடுத்து உதறிய நல்லதம்பி உதட்டைப் பிதுக்கினார். பால் சொசைட்டிக்கு அவர்தான் செயலாளர். அவர் உதட்டைப் பிதுக்கினால் பாலில் தண்ணீர் என்று அர்த்தம்.

“நேத்தும் இதே கதை. நாளைக்கும் டிகிரி எறங்குச்சுன்னா அட்டையக் கிழிச்சுடுவேன். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது.”

சொசைட்டி உறுப்பினர் அட்டை ஜெயசித்ரா பேரில் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பாலை யாரும் குறை சொன்னதில்லை. வரிசையில் நின்ற இருபது பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். வீரமணி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. அவனும் சொன்னான்.

“இவதான் கறக்குறா, இவதான் கொண்டாறா. இவளைக் கேளுங்கண்ணே.”

வீரமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் பேரக்குழந்தைக்கு ஒரு டம்ளர் பால் போகிறது, அந்தக் குறையைக் குடத்துத் தண்ணீர் நிரப்புகிறது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போனைப் பார்ப்பதுபோல நின்று மனைவியை வேவு பார்த்தான். அவள் சேலை முந்தானை நனைந்திருந்ததைக்கூட மனசில் குறித்துக்கொண்டான்.

“சிறுவாச்சூர் காளி மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலங்க. நீங்க ஞாயித்துக்கெழம தூக்க ஒட்டுனதுலேர்ந்துதான்…”

“என் வேலையையா சொல்ற? வெளிய ஒரு சொட்டு ஒழுகுதா, காட்டு பாப்போம்!”

ஒழுகவில்லைதான். உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்த அலுமினியத் தூக்கு. அடி விரிந்துபோனதை, கொஞ்சம் சூட்டிலேயே உருகும் கம்பியைப் போனில் வரவழைத்து அவன்தான் ஒட்டினான். உள்ளே வட்டமாக ஒரு தகடு வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கம்பியை உருக்கிவிட்டான். வெளியே விரிசல்மீதும் நாலு சொட்டு. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வீடியோவில் ஒட்டிக் காட்டியவன் பேசியது இந்தி. இவனுக்குப் புரிந்தது நெருப்பு மட்டும்தான். அந்த ஆள் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்து, பாத்திரத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே கம்பியை உருகவிட்டான். அந்த இடத்தைப் பார்க்காமலே நம்மாள் வீடியோவை ஓட்டிவிட்டான். கம்பியை நேராக நெருப்பில் காட்டிச் சொட்டவிட்டதோடு சரி. தெருவில் நாலு பேரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான்.

மறுநாள் ஷிப்டுக்கு லீவு போட்டான். வாடை போக ராத்திரி முழுக்கத் தூக்கில் ஊறவைத்த தண்ணீரைத் தானே கொட்டினான். தானே கறந்தான். ஜெயசித்ராவைத் தூக்கின் பக்கமே அண்டவிடாமல், தானே சுமந்துகொண்டு போனான்.

நல்லதம்பி உதட்டைப் பிதுக்கிவிட்டு அட்டைக்குக் கை நீட்டினார்.

வீரமணி, “ஒரே ஒருநாள் பொறுங்கண்ணே” என்று கெஞ்சிவிட்டு வீட்டுக்கு வந்தான். பாலை மாட்டுக் கொட்டகைக் குடத்தில் கொட்டிவிட்டு, தூக்கைச் சுவர்மேல் கவிழ்த்தான். அதற்குள் வேறு யாரைச் சந்தேகப்படலாம் என்றுகூட யோசித்தான். மாடு ஒன்றுதான் பாக்கி.

சுவரில் சொட்டுச் சொட்டாக வெளுத்த தண்ணீர் இறங்கியது. காலித் தூக்கு அது. காதோரம் வைத்து ஆட்டினான். களக் என்றது. தகட்டின் ஓரத்தை நகத்தால் கீறியதும், உருகி உட்கார்ந்த கம்பி புண்ணின் பொருக்குபோல உரிந்து வந்தது. தகட்டுக்கு அடியில் முக்கால் டம்ளர் தண்ணீர் ஒளிந்திருந்தது. ஊறவைக்கும்போது உள்ளே போய், நடக்கும்போது குலுங்கிப் பாலில் கலந்திருக்கிறது.

அவன் தகட்டைப் பெயர்த்தெடுத்தான். உள்ளே போய், “தண்ணி தகட்டுக்குள்ளதான் இருந்துருக்கு ஜெயா” என்றான்.

அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா, நான் ஊத்தலன்னு?”

மறுநாள் காலை அவள் எவர்சில்வர் தூக்கில் பால் கொண்டுபோனாள். வீரமணி பின்னாலேயே தகட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நல்லதம்பி பால்மானியை விட்டுப் பார்த்தார். உதடு பிதுங்கவில்லை.

“இன்னிக்கு மட்டும் எப்படிம்மா டிகிரி ஏறுச்சு?”

ஜெயசித்ரா நகர்ந்து வழிவிட்டாள். வரிசையில் அதே இருபது பேர். வீரமணி தகட்டைக் கல்மேடையில் வைத்தான்.

“அன்னிக்கு இவளைக் கேளுங்கன்னேன். என்னையக் கேளுங்கண்ணே.”