சத்தியமா கடைசி

வரைபடத்தில் கோபுரம் அழகாக வந்திருந்ததுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அசிங்கமாக வந்திருந்தால், "பாருங்க சார், நான் அப்பவே சொன்னேனே" என்று கமிட்டி முன்னால் தூக்கிப் போட்டிருக்கலாம். பாவி, மூக்கும் முழியுமாக வந்து உட்கார்ந்துவிட்டது. பழகிய கை. வேண்டாவெறுப்பாக வரைந்தாலும் அதற்குக் கோணலாக வரையத் தெரியவில்லை.

அக்கா என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. கட்டிடக் கலைஞர், ஐம்பதைத் தாண்டியவள். உண்மையிலேயே உறவுமுறையில் அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான்: கூடப் பிறந்த தம்பி. கணக்கு, கடிதம், காரோட்டம், கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவன் இலாகா.

வேலை ஒரு மலை உச்சியில். கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி பூமி சட்டென்று முடிந்துபோகிற கரும்பாறை விளிம்பு அது. பள்ளத்தாக்கின் எதிர்ப் பாறைச் சுவரிலிருந்து ஓர் அருவி குதிக்கும். பாதாளத்தைப் போய்ச் சேருவதற்குள் பாதி புகையாகிவிடும். அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கட்டிடம் வேண்டும். டிக்கெட் எடுக்க, மழைக்கு ஒதுங்க, டீ குடிக்க, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவறை போக. கமிட்டித் தலைவர் முதல் நாள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கட்டிடம் இருக்கறதே தெரியக் கூடாது மேடம்."

அக்கா அப்படியே செய்தாள். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தில் பாறை தானாகவே உள்வாங்கிப் படி மாதிரி நின்றது. கட்டிடத்தை அதற்குள் செருகினாள். கார் நிறுத்துமிடத்துக்காக வெட்டியெடுக்கும் கல்லே சுவராகும். கூரை மேல் மண், மண் மேல் அங்கேயே முளைக்கும் புல். சாலையிலிருந்து பார்த்தால் இடுப்பளவு சுவரும் ஒரு படிக்கட்டின் தலையும் மட்டும். இறங்கித் திரும்பினால் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் அருவி.

கமிட்டி ஆஹா என்றது. அப்புறம் "ஆனா" என்றது.

"ஆனா, கட்டறதே கட்டறோம். கொஞ்சமாவது தெரியணுமில்ல?"

அந்த ஆனாவில் பிடித்த சனி. கூரை உயர்ந்தது. முகப்பு வந்தது. கொடிக்கம்பம் வந்தது, போனது, மறுபடி வந்தது. தம்பி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் பெயர் வைத்துக்கொண்டே வந்தான்: 'முதல்', 'கடைசி', 'கடைசியோ கடைசி', 'இதான் கடைசி'. இப்போது தலைவர் வாய்விட்டுக் கேட்ட கோபுரம். ஏறி நின்று அருவியைப் பார்க்கலாமாம். தூரத்துச் சாலையிலேயே தெரியுமாம். அதற்குத் தம்பி வைத்த பெயர் 'சத்தியமா கடைசி'.

இன்றைக்குக் கமிட்டி மலைக்கே வந்து பார்க்கிறது. தலைவர் சரி என்றால் அக்கா கையெழுத்துப் போட வேண்டியதுதான். தம்பி கார் ஓட்ட, அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"பிள்ளையார் பிடிக்கப் போய்..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"குரங்குகூட இல்லடா. ஒட்டகச்சிவிங்கி."

"கையெழுத்துப் போடப் போறியாக்கா, நிஜமாவே? விளிம்புக்கு மேல ஒரு கல்லு வந்தாலும் நான் இல்லைன்னு சொன்னவ நீ."

"சொன்னேன். அப்ப எனக்கு முட்டி வலி கிடையாது." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஒண்ணு மட்டும் சொல்லிடு. கல்வெட்டுல என் பேர் வேண்டாம்."

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். இருபது வருஷமாக எல்லாக் கட்டிடத்திலும் முதல் வேலையாகத் தன் பெயர் சரியாகப் பொறித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவள் அவள்.

மலையில் காற்று ஆளைத் தள்ளியது. கோபுரம் எவ்வளவு உயரம் வரும் என்று காட்டுவதற்காகச் சாரத்துக்குக் கட்டும் இரும்புக் குழாய்களை நாலு மூலையிலும் நிறுத்திக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். உச்சியில் சிவப்புத் துணிகள் பட்பட்டென்று அடித்துக்கொண்டன. அருவிப் பக்கம் ஒரே மூட்டம்.

கமிட்டி ஆட்களுக்குப் பின்னாலேயே தலைவர் மனைவியோடு வந்து இறங்கினார். காரை விட்டு இறங்கும்போதே குழாய்களை அண்ணாந்து பார்த்து, "இது! இதைத்தான் நான் கேட்டேன். என்ன கம்பீரம்!" என்றார்.

அக்கா தலையாட்டினாள். வாதாடுவதற்காக எத்தனையோ வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தாலும் சொல்லத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகியது. அருவி மொத்தமும் வெயிலில் பளீரென்று தொங்கியது.

"ஏங்க, சீக்கிரம்! ஒரு போட்டோ!" தலைவரின் மனைவி விளிம்போரத் தடுப்புக்கு ஓடினாள்.

தலைவர் போனைத் தூக்கினார். இடது பக்கம் நகர்ந்தார், வலது பக்கம் நகர்ந்தார், குனிந்தார், குந்தினார். எப்படிப் பிடித்தாலும் மனைவியையோ அருவியையோ மறைத்துக்கொண்டு ஒரு குழாய்.

"யாருப்பா அது, குறுக்கே நந்தி மாதிரி! எடுங்க அதை! மறுபடி மூடிக்கப் போவுது!"

குழாய் நிறுத்த வந்திருந்த இரண்டு ஆட்களும் அக்காவைப் பார்த்தார்கள்.

"படுக்க வைச்சிடுங்கப்பா" என்றாள் அக்கா.

கயிறுகள் தளர்ந்தன. குழாய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்தன. அருவி முழுசாகக் கிடைத்தது. தலைவர் மனைவியை நிற்கவைத்து, திரும்பவைத்து, சிரிக்கவைத்து ஆசை தீர எடுத்தார். பிறகுதான் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க மேடம், நம்ம கோபுரத்தைக் காணோம்?"

"நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க."

தம்பி சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

தலைவரின் மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வீட்லயும் இவர் இப்படித்தாங்க. டிவிக்கு முன்னால நின்னுக்கிட்டு, ஏன் யாரும் பார்க்கலைன்னு கேப்பார். ஏங்க, குழாயைப் படுக்க வைச்சாச்சு. கோபுரம் கட்டினப்புறம் வர்றவன் யாரைப் படுக்க வைப்பான்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நானும் அதைச் சோதிச்சுப் பார்க்கத்தான்..." என்று இழுத்தவர், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, "நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்ட வேண்டிய இடம் இது. அக்கா வாயைத் திறந்தாள்.

"நான் கொஞ்சம் உட்காரணும் சார். கால் வலிக்குது."

பாறையில் நாலு எட்டு இறங்கி, அந்த உள்வாங்கிய இடத்தில் போய்ப் பாறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உடம்பு சரியில்லையோ என்று பயந்து மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். தலைவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். நிற்பது நன்றாக இல்லையே என்று தலைவரும் உட்கார்ந்தார்.

பேச்சை விழுங்கிக்கொண்டிருந்த காற்று அங்கே இல்லை. அருவியின் சத்தம் மட்டும், நேர் எதிரே.

"இங்க காத்தே அடிக்கலையே" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

"அருவி மடிமேல விழற மாதிரி இருக்கு."

"இங்கதான் சார் கட்டிடம். முதல் வரைபடத்துல."

தலைவர் மேலே பார்த்தார். வெறும் வானம். தரையில் படுத்திருந்த குழாய்கள் கண்ணில் படவே இல்லை.

"சரி மேடம். கோபுரம் வேண்டாம். இப்படியே இருக்கட்டும். ஆனா..."

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆனா, டாய்லெட் எங்கேன்னு போர்டு மட்டும் பெருசா வைக்கணும். மேல நின்னா இப்பவே தேட வேண்டியிருக்கு."

"வைக்கலாம் சார். கண்டிப்பா."

திரும்பும்போது தம்பி ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "ஜெயிச்சிட்டோம்கா! நீ என்னமோ எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி உக்காந்திருக்க!"

"சந்தோஷமாத்தான்டா இருக்கு. நாளைக்குச் சந்தோஷப்பட்டுக்கறேன்."

"புதுசா வரையப் போறதுக்கு என்ன பேர் வைக்க?"

"புதுசு எதுக்கு? 'முதல்' இருக்கில்ல, தேதியை மாத்தி அதையே அனுப்பு."

கார் ஒரு வளைவில் திரும்பியது. தம்பி ஓரக்கண்ணால் பார்த்தான். "அப்ப, கல்வெட்டுல பேரு?"

அக்கா முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"போட்டுக்கட்டும். சின்னதா, ஓரமா. தேடினாத்தான் தெரியணும்."

இன்னொரு வளைவு. அருவி ஒருமுறை பக்கவாட்டில் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. "அக்கா, அங்க பாரேன்" என்று தம்பி கை நீட்டினான். அக்கா பார்க்கவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். தம்பி தாளத்தை நிறுத்திவிட்டு, குலுங்காமல் ஓட்ட ஆரம்பித்தான்.